உட்கார்ந்து எழுதக் கற்றுக்கொடுத்த நோரா ராபர்ட்ஸுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நோரா ராபர்ட்ஸ் அம்மா அவர்களுக்கு,

நான் தமிழில் காதல் கதைகளும் குடும்ப நாவல்களும் எழுதுகிறவள். ஊர் திருச்சி. மாத நாவல்கள் பெட்டிக்கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய காலத்திலும் எழுதினேன். வாசகர்கள் கைபேசியில் அத்தியாயம் அத்தியாயமாகப் படிக்கிற இந்தக் காலத்திலும் எழுதுகிறேன். இந்த மடல் அமெரிக்காவின் மேரிலாந்தில் உங்கள் வீட்டு வாசலுக்கு வந்து சேருமா என்று நான் யோசிக்கவில்லை. நன்மை செய்தவரை ஊரறியச் சொல்ல வேண்டும் என்று வளர்க்கப்பட்டவள் நான். அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

உங்கள் ஆங்கிலக் காதல் நாவல்களுக்கு நன்றி சொல்ல உலகம் முழுக்க ஆள் இருக்கிறது. என் நன்றி வேறொன்றுக்கு. நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள் என்பதைப் பூசி மெழுகாமல் பேட்டிக்குப் பேட்டி சொல்லிவந்தீர்கள். காதல் கதை எழுதுவது ஒரு வேலை, அதற்கு நேரமும் ஒழுங்கும் கூலியும் உண்டு, அதைச் செய்கிறவளுக்கு மரியாதையும் உண்டு என்று வெட்கப்படாமல் சொன்னீர்கள். எங்கேயோ ஒரு நடுத்தர வீட்டில், அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவே எழுதிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் சொல் எவ்வளவு பெரிய பிடிமானம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

எங்களுக்கும் முன்னோடிகள் உண்டு. மருத்துவம் படித்துக்கொண்டே கதை எழுதிய லட்சுமி இருந்தார். 1984இல் சாகித்திய அகாதெமி விருதும் பெற்றார். ரமணிசந்திரன் நாவல்களை அம்மாவும் மகளும் மாற்றி மாற்றிப் படித்த வீடுகள் இங்கே ஏராளம். அவர்களைக் கதைக்காகப் படித்தோம். எத்தனை மணிக்கு மேசைக்கு வந்தார்கள், வீட்டு வேலையை என்ன செய்தார்கள், எழுத்து ஓடாத நாளில் எப்படிச் சமாளித்தார்கள் என்று கேட்க எங்களுக்குத் தோன்றவில்லை. எழுதுகிற பெண் என்றால் ஏதோ வரம் வாங்கி வந்தவள் என்று நினைத்துக்கொண்டோம். நீங்கள்தான் அந்தத் திரையை விலக்கினீர்கள்.

1979 பிப்ரவரியில் மேரிலாந்தில் கடும் பனிப்புயல். வீட்டுக்குள் நீங்களும் இரண்டு சின்னப் பையன்களும். பள்ளிக்கூடம் கிடையாது, வெளியே போக வழி கிடையாது, வீட்டில் இருந்த சாக்லேட்டும் தீர்ந்துகொண்டிருந்தது. அந்த நேரத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் பென்சிலையும் எடுத்து மனத்தில் ஓடிய கதையை எழுத ஆரம்பித்தேன் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். தனி அறை, பெரிய மேசை, சன்னலுக்கு வெளியே மலை என்று எதற்கும் நீங்கள் காத்திருக்கவில்லை. பிள்ளைகள் ஓடி விளையாடுகிற வீட்டின் நடுவிலேயே தொடங்கினீர்கள். "நிம்மதியா ஒரு இடம் கிடைச்சா எழுதலாம்" என்று சொல்லிக்கொண்டே காலத்தை ஓட்டுகிற எத்தனையோ பெண்களை எனக்குத் தெரியும். அவர்களிடம் நான் முதலில் சொல்வது உங்கள் பனிக்காலத்தைத்தான்.

எழுதியதும் உடனே அச்சேறிவிடவில்லை. எங்கள் ஊர் வாடகை நூலகங்களில் அடுக்கடுக்காக இருக்குமே மில்ஸ் அண்ட் பூன், அதை அமெரிக்காவில் விற்றுவந்த ஹார்லெக்வின் நிறுவனத்துக்கு அனுப்பினீர்கள். அமெரிக்க எழுத்தாளர் எங்களிடம் ஏற்கெனவே ஒருவர் இருக்கிறார் என்று பதில் வந்தது. ஒரு நாட்டுக்கே ஒருவர் போதும் என்று நினைத்த காலம் அது. 1980இல் சைமன் அண்ட் ஷூஸ்டர் நிறுவனம் சில்ஹவுட் என்ற வரிசையைத் தொடங்கி, அமெரிக்கப் பெண்களின் கதைகளைத் தேடியது. 1981இல் உங்கள் முதல் நாவல் 'ஐரிஷ் தரோபிரெட்' அங்கே வெளியானது. இடைப்பட்ட நாட்களில் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தபோதும் அடுத்த கதையை எழுதிக்கொண்டே இருந்தீர்கள். கதவு திறந்தபோது உங்கள் கையில் சரக்கு இருந்தது. அதிர்ஷ்டம் என்று ஊர் சொல்வதற்குப் பின்னால் எத்தனை எழுதப்பட்ட பக்கங்கள் இருக்கின்றன என்பதை நான் அங்கே கண்டுகொண்டேன்.

அன்றிலிருந்து இன்றுவரை உங்கள் நாள் எப்படிப் போகிறது? காலையில் மேசைக்கு வருகிறீர்கள். ஆறு மணி நேரம், சில நாள் எட்டு மணி நேரம் எழுதுகிறீர்கள். மறுநாளும் அப்படியே. 200க்கும் மேற்பட்ட நாவல்களின் ரகசியம் என்ன என்று யார் கேட்டாலும், நாற்காலியில் உட்கார வேண்டும் என்பதுதான் உங்கள் பதில். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளியில் படித்ததால் வந்த ஒழுங்கு என்றும் சொல்வீர்கள். உள்ளிருந்து ஒரு பொறி கிளம்பட்டும் என்று காத்திருக்கிற பழக்கமே உங்களிடம் இல்லை.

இங்கே எங்கள் வட்டத்தில் அடிக்கடி கேட்கிற வார்த்தை "மூட் வரலை". தொடர் எழுதுகிறவர்களிடம் வாசகிகள் "அடுத்த யூடி எப்போ?" என்று அடுத்த அத்தியாயத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மூட் வரலைப்பா, வந்ததும் போடுகிறேன் என்று பதில் போகும். ஒரு வாரம் இரண்டாகும். இரண்டு வாரம் மாதமாகும். கதை பாதியில் நின்றுவிடும். இப்படி நின்றுபோன நல்ல கதைகள் தமிழில் எவ்வளவோ. அந்தப் பெண்களுக்குத் திறமை குறைவு என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. எழுத்துக்கு வேலை நேரம் வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. தையல் மிஷினில் உட்காருகிறவள் மூட் பார்ப்பதில்லை; பள்ளிக்கூடத்து டீச்சர் மூட் பார்த்து வகுப்புக்குப் போவதில்லை. காதல் கதை எழுதுகிறவள் மட்டும் ஏன் பார்க்க வேண்டும்? இந்தக் கேள்வியை என் மனத்தில் போட்டது நீங்கள்.

வேலை நேரம் என்பதோடு, வேலை முறையையும் கற்றுக்கொடுத்தீர்கள். கதைச் சுருக்கம், அத்தியாயப் பட்டியல் எதுவும் முன்கூட்டிப் போடுவதில்லை. முதல் படியை நிறுத்தாமல், திரும்பிப் பார்க்காமல், கடைசிவரை எழுதிவிடுகிறீர்கள். அதில் ஓட்டைகள் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். இரண்டாம் முறை முதல் பக்கத்திலிருந்து வந்து ஓட்டையை அடைத்து, விவரங்களைச் சேர்த்து, மனிதர்களுக்குச் சதை போடுகிறீர்கள். மூன்றாம் முறை மொழியைத் தேய்த்து மெருகேற்றுகிறீர்கள். பிறகுதான் கதை வீட்டைவிட்டு வெளியே போகிறது. மோசமான பக்கத்தைத் திருத்திவிடலாம், வெறும் பக்கத்தை என்ன செய்து திருத்துவது என்று நீங்கள் கேட்டதை எழுதுகிறவர்கள் உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். தகவல் தேடுவதற்கும் ஆள் வைத்துக்கொள்வதில்லை. நெருப்பணைக்கும் வீரர்களைப் பற்றி எழுத வேண்டுமென்றால் நீங்களே உட்கார்ந்து படிக்கிறீர்கள்.

மூன்று நடையாக எழுதும் இந்த முறையை நான் என் கதையில் அப்படியே செய்து பார்த்தேன். ஒரு காட்சியைச் சொல்கிறேன். திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில், பிரிந்து போன இருவர் பல வருடம் கழித்துச் சந்திக்கிறார்கள். முதல் நடையில் பேச்சை மட்டும் எழுதினேன். "எப்படி இருக்கே?" "இருக்கேன்." அவ்வளவுதான். அவள் என்ன உடுத்தியிருந்தாள், எந்த ஊர்ப் பேருந்து, என்ன நேரம், எதுவும் இல்லை. முன்பெல்லாம் அந்த இடத்திலேயே நின்று, பேருந்து நிலையத்தை வர்ணிக்கச் சொல் தேடித் தேடி அன்றைய பொழுது போய்விடும். இப்போது தாண்டிப் போய்க் கதையை முடித்தேன். முடித்த பிறகுதான் தெரிந்தது, அவள் அன்று லால்குடிக்கு அப்பாவின் பென்ஷன் காகிதத்தோடு கிளம்பியவள் என்பது. இரண்டாம் நடையில் அந்தக் காகிதத்தை அவள் கையில் கொடுத்தேன். பேசும்போது அதை மடித்து மடித்துச் சின்னதாக்குகிறாள். அவன் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறான். மூன்றாம் நடையில் வாய்விட்டுப் படித்தேன். "இருக்கேன்" என்பதற்குப் பிறகு நான் சேர்த்திருந்த இரண்டு வாக்கியமும் வேண்டாம் என்று காதுக்குப் பட்டது, எடுத்துவிட்டேன். அந்த நாவலைப் படித்தவர்கள் கடிதத்தில் குறிப்பிட்டதெல்லாம் அந்த மடிந்த காகிதத்தைத்தான். முதல் நாளே அழகாக எழுத முயன்றிருந்தால் அந்தக் காகிதம் எனக்குக் கிடைத்திருக்காது.

வீட்டைப் பற்றி நீங்கள் சொன்னதற்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது, ரத்தம் வந்தாலோ தீப்பிடித்தாலோ தவிர என்னைக் கூப்பிடாதீர்கள் என்று சொல்லி வைத்திருந்தீர்களாம். கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். எனக்கு அது சிரிக்கிற விஷயமாகப் படவில்லை. ஒரு தாய் தன் பிள்ளைகளிடம் "இது அம்மாவின் வேலை நேரம்" என்று சொல்வதும், பிள்ளைகள் அதைப் புரிந்துகொண்டு வளர்வதும் எவ்வளவு பெரிய காரியம்! அப்பா அலுவலகம் போனால் போன் செய்து தொந்தரவு செய்யக் கூடாது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. அம்மா லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தால் மட்டும் சும்மா இருக்கிறாள் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பை நாம்தான் மாற்ற வேண்டும் என்ற தைரியம் எனக்கு உங்களிடமிருந்து வந்தது.

இன்னொன்றையும் சொன்னீர்கள். பிள்ளைகளையும் எழுத்தையும் எப்படிச் சமாளித்தீர்கள் என்று ஒரு நிகழ்ச்சியில் கேட்டபோது, நாம் தூக்கிப் போட்டுப் பிடிக்கிற பந்துகளில் சில பிளாஸ்டிக், சில கண்ணாடி; எது எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள் என்றீர்கள். அங்கே இருந்த எழுத்தாளர் ஜெனிஃபர் லின் பார்ன்ஸ் அதை எழுதி உலகத்துக்குச் சொன்னார். அவர் எழுதியதில் முக்கியமான இடம் அதற்குப் பிறகுதான் வருகிறது. குடும்பம் எல்லாம் கண்ணாடி, வேலை எல்லாம் பிளாஸ்டிக் என்று நீங்கள் பிரிக்கவில்லை. இரண்டிலும் இரண்டும் உண்டு என்றீர்கள். ஒரு கெடுவைக் காப்பாற்ற, பிள்ளையின் பள்ளியில் ஒரு சின்ன விழாவை விட்டுவிட வேண்டி வரலாம், அது உடையாது. எங்கள் பெண்களுக்கு இதைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. குடும்பத்து வேலை ஒவ்வொன்றும் கண்ணாடி என்றே சொல்லி வளர்க்கிறார்கள். தோசைக்குச் சட்னி ஒன்று குறைந்தால் எதுவும் உடையாது என்பதை நான் தெரிந்துகொண்ட பிறகு, காலையில் எனக்கென்று ஒரு நேரம் கிடைத்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் நாவல் காத்திருக்கும்; அப்போது கண்ணாடி எது என்பதிலும் எனக்குக் குழப்பமில்லை.

நீங்கள் எழுதிய வேகத்துக்குப் பதிப்பகம் ஈடுகொடுக்க முடியாமல் போனது இன்னொரு பாடம். ஒரே பெயரில் அத்தனை புத்தகம் போட்டால் கடை தாங்காது என்று தயங்கினார்கள். 1995இல் ஜே.டி.ராப் என்று இன்னொரு பெயர் வைத்துக்கொண்டு, எதிர்கால நியூயார்க்கில் நடக்கிற துப்பறியும் நாவல்களைத் தொடங்கினீர்கள். ஜேசன், டான் என்ற உங்கள் இரு மகன்களின் முதலெழுத்துகள்தான் அந்த ஜே.டி. அந்த வரிசை மட்டுமே இன்று 60 நாவல்களைத் தாண்டிவிட்டது. நிறைய எழுதினால் தரம் குறையும் என்று இங்கேயும் ஒரு பேச்சு உண்டு. மாதம் ஒரு நாவல் எழுதுகிறவரை ஏளனமாகப் பார்க்கிறவர்கள் உண்டு. நாள்தோறும் சாதகம் செய்கிற பாடகியை யாரும் அப்படிப் பார்ப்பதில்லை. தினமும் செய்கிறவருக்குக் கை பழகும் என்பதற்கு உங்கள் அலமாரி சாட்சி.

அந்த வேகம் முழுக்க உங்கள் உழைப்பு என்பதால்தான் அதற்கு இவ்வளவு மதிப்பு. ஹார்லெக்வின் "ஏற்கெனவே இருக்கிறார்" என்று சொன்ன அந்த அமெரிக்க எழுத்தாளர் ஜானட் டெய்லி. 1997இல் அவருடைய புத்தகங்களில் உங்கள் எழுத்து அப்படியே இருப்பதை ஒரு வாசகி கண்டுபிடித்தார். டெய்லி அதை ஒப்புக்கொண்டார். நீங்கள் வழக்குத் தொடுத்தீர்கள். அதில் கிடைத்த பணத்தை எழுத்தறிவுப் பணிக்குக் கொடுத்தீர்கள். 2019இல் பல எழுத்தாளர்களின் வரிகளை வெட்டி ஒட்டிப் புத்தகம் போட்டதாக பிரேசிலைச் சேர்ந்த ஒருவர் மீது குற்றச்சாட்டு எழுந்தபோது, பிரேசில் நீதிமன்றம்வரை போனீர்கள். அத்தனை புகழும் பணமும் உள்ளவர் ஏன் மெனக்கெட வேண்டும் என்று சிலர் கேட்டிருக்கலாம். எனக்கு விடை தெரியும். நாற்காலியில் உட்கார்ந்து செலவழித்த மணி நேரங்கள்தான் எழுதுகிறவளின் சொத்து. ஒரு பத்தியைத் திருடுகிறவன் அந்தக் காலைப்பொழுதைத் திருடுகிறான். வழக்குப் போட வசதியில்லாத எழுத்தாளர்களுக்காகவும் நீங்கள் அங்கே நின்றீர்கள். சொந்த அத்தியாயம் வேறொருத்தி பெயரில் வந்திருப்பதைப் பார்த்து யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் நிற்கிற தமிழ்ப் பெண்களின் சார்பில் இந்த நன்றி.

எழுதியதில் கிடைத்ததை ஊருக்கும் கொடுத்தீர்கள். 1985இல் புரூஸ் வைல்டரை மணந்தீர்கள். புத்தக அலமாரி செய்துகொடுக்க உங்கள் வீட்டுக்கு வந்த தச்சர் அவர். 1995இல் மேரிலாந்தின் பூன்ஸ்பரோ ஊரில் அவர் 'டர்ன் த பேஜ்' என்ற புத்தகக் கடையைத் திறந்தார். அதே ஊரில் ஒரு பழைய விடுதியை வாங்கிப் புதுப்பித்தீர்கள். வேலை நடந்துகொண்டிருக்கும்போதே 2008 பிப்ரவரியில் அது தீயில் எரிந்தது. மறுபடி கட்டினீர்கள், அடுத்த ஆண்டே திறந்துவிட்டீர்கள். எலிசபெத்–டார்சி, ஜேன்–ரோச்செஸ்டர் என்று, கதைகளில் கடைசியில் சேர்ந்து வாழ்ந்த காதலர்களின் பெயரையே அறைகளுக்கு வைத்தீர்கள். சுபமாக முடிகிற கதை என்றால் தாழ்வு என்று நினைக்கிறவர்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள். அந்த முடிவை நீங்கள் பெயர்ப்பலகையாகவே எழுதி மாட்டினீர்கள். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்கள் சங்கம் 1986இல் தன் கௌரவப் பட்டியலைத் தொடங்கியபோது முதலில் சேர்த்த பெயர் உங்களுடையது என்பதில் எனக்கு வியப்பில்லை.

நாள் முழுக்க வேலை செய்துவிட்டு, பாத்திரம் கழுவி முடித்து, படுக்கைக்குப் போகுமுன் அரை மணி நேரம் ஒரு கதையைப் படிக்கிறாளே ஒருத்தி, அவளுக்கு அந்த நல்ல முடிவு தேவை. அவள் வாழ்க்கையில் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் வாக்குக் கொடுப்பதில்லை. ஒருவரையொருவர் மதிக்கிற இரண்டு பேர் இப்படியும் இருக்கலாம் என்று காட்டுகிறோம். உங்கள் நாயகிகளுக்கு ஒரு தொழில் இருக்கும்; ஒருத்தி புகைப்படக்காரர், ஒருத்தி கேக் செய்கிறவர், ஒருத்தி காட்டுத்தீ அணைக்க விமானத்திலிருந்து குதிக்கிறவர். காதலுக்காக அந்தத் தொழிலை விட்டுவிடு என்று நீங்கள் அவர்களிடம் கேட்பதில்லை. தன் வேலையை மதிக்கிற எழுத்தாளருக்கே மற்றவள் வேலையையும் மதித்து எழுத வரும் என்று நான் நம்புகிறேன். என் நாயகிகள் திருமணத்தன்று ராஜினாமா கடிதம் கொடுப்பதை நிறுத்தியதும் உங்களைப் படித்த பிறகுதான்.

இப்போது என் நாள் இப்படிப் போகிறது. பால் பாக்கெட் வந்ததும் காபி போட்டுக்கொண்டு மேசைக்கு வருவேன். நேற்று எழுதியதைத் திருத்த மாட்டேன். கடைசிப் பத்தியை மட்டும் படித்துவிட்டு மேலே எழுதுவேன். கைபேசி வேறு அறையில் இருக்கும். வீடு எழுந்திருக்கும்போது அன்றைய பங்கு முடிந்திருக்கும். மதியம் எல்லாரும் வெளியே போன பிறகு இரண்டாம் நடை, அல்லது தகவல் தேடுவது. ஓடாத நாளிலும் உட்காருவேன். அன்றைக்குப் பத்து வரி மோசமாக வரும், மறுநாள் திருத்த அந்தப் பத்து வரி இருக்கும். என் மாமியார் முன்பு "கதை எழுதறா" என்று வந்தவர்களிடம் சொல்வார். இப்போது "வேலையா இருக்கா, அப்புறம் வாங்க" என்கிறார். எனக்குக் கிடைத்த பரிசுகளில் பெரியது அதுதான். அதில் உங்கள் பங்கு உண்டு, அம்மா.

நீங்கள் நீண்ட நாள் நலமாக இருந்து, இன்னும் பல காலைப்பொழுதுகள் அந்த நாற்காலியில் உட்கார வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன்.

இதைப் படிக்கிற தமிழ் வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டில் எழுதுகிற பெண் யாராவது இருந்தால், அவள் உட்கார்ந்திருக்கும் நேரத்தை வேலை நேரம் என்று ஒப்புக்கொள்ளுங்கள். எழுத ஆசைப்படுகிற பெண்ணாக நீங்கள் இருந்தால், நல்ல நாள் பார்க்காமல் நாளைக் காலையே உட்காருங்கள். உங்களுக்குப் பிடித்த எழுத்தாளரின் நாவலை "பிடிஎஃப் இருக்கா?" என்று கேட்டு வாங்காதீர்கள். அது யாரோ ஒருத்தி உட்கார்ந்து உழைத்து எழுதியது. காசு கொடுத்து வாங்கிப் படியுங்கள்.


திருச்சியிலிருந்து ஒரு நாவலாசிரியை